தருமபுரி நாட்டு மருந்துக் கடையின் சீயக்காயும் அதன் முயல் பலகையும்

தருமபுரி குமாரசாமிப்பேட்டைப் பக்கம், முருகன் கோயிலுக்குப் போகும் வழியில், பத்துக்குப் பன்னிரண்டு அடிகூட இராத ஒரு கடை இருக்கிறது. பெயர்ப் பலகையில் ‘நாட்டு மருந்துக் கடை’ என்பதைத் தவிர வேறு பெயர் எதுவும் எழுதப்படவில்லை. அதன் கீழே ஆணியில் தொங்கும் இன்னொரு பலகையில், காது தேவைக்கு மேல் நீண்டுபோன ஒரு முயலின் படத்தோடு, “இங்கு விற்கும் எந்தப் பொருளும் எந்த உயிரின் கண்ணிலும் தோலிலும் சோதிக்கப்பட்டதில்லை” என்று கையால் எழுதியிருக்கிறார்கள். கடந்த எட்டு மாதங்களாக நான் அங்கே சீயக்காய்த் தூள், வேப்பெண்ணெய் சோப்பு, பல்பொடி, தரை துடைக்கும் கரைசல் ஆகியவற்றை வாங்கி வருகிறேன். பொருள்களைப் பற்றியும் அந்தப் பலகையைப் பற்றியும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்தக் கடை இரண்டையும் சேர்த்தே விற்கிறது.

பலகையைப் பார்த்து நான் நின்றதற்குக் காரணம் உண்டு. 2005 முதல் 2010 வரை பெங்களூரில், பிற நிறுவனங்களுக்காகப் பொருள்களைச் சோதித்துக் கொடுக்கும் ஓர் ஆய்வகத்தின் அனிமல் ஹவுஸில் உதவியாளனாக வேலை பார்த்தேன். எலிகளுக்கும் முயல்களுக்கும் தீனி வைப்பது, கூண்டு கழுவுவது, எடை பார்த்து எழுதுவது, சோதனை நேரத்தில் விலங்கைப் பிடித்துக்கொள்வது ஆகியவை என் வேலைகள். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது; அதன் கீழ் ஆய்வு விலங்குகளுக்கான விதிகள் 1998-இல் வந்தன; அந்த விதிகளின்படி நாங்கள் இருந்த இடத்திலும் நெறிமுறைக் குழு ஒன்று இருந்தது, படிவங்கள் இருந்தன, கையெழுத்துகள் இருந்தன. அங்கே நான் பார்த்ததைச் சொன்னால்தான் இந்தக் கடையின் பலகைக்கு என்ன பொருள் என்பதை எடைபோட முடியும்.

கண் சோதனை என்று நாங்கள் சொன்னதற்கு ஏட்டில் டிரைஸ் சோதனை என்று பெயர். அமெரிக்காவில் 1930-களில் கண்ணிமைக்குப் பூசும் சாயம் ஒன்றால் சில பெண்கள் பார்வை இழந்தார்கள். அதையொட்டி 1938-இல் அழகுசாதனப் பொருள்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே வந்தது. அந்நாட்டு அரசின் உணவு, மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய ஜான் டிரைஸ் 1944-இல் இந்த முறையை வகுத்தார். ஆக, நியாயமான ஓர் அச்சத்தில்தான் அது தொடங்கியது. முறை எளிது. வெள்ளை முயலின் ஒரு கண்ணின் கீழிமையை மெல்ல இழுத்து, அந்தக் குழிவில் பத்தில் ஒரு மில்லிலிட்டர் திரவத்தை விட்டு, இமைகளை ஒரு நொடி சேர்த்துப் பிடித்துவிட்டு விட வேண்டும். மற்றொரு கண் ஒப்பீட்டுக்காக அப்படியே விடப்படும். ஒரு மணி நேரம், 24 மணி, 48 மணி, 72 மணி கழித்து விளக்கடித்துப் பார்த்து, கருவிழி மங்கலுக்கு 0 முதல் 4 வரை, சிவப்புக்கு 0 முதல் 3 வரை, வீக்கத்துக்கு 0 முதல் 4 வரை என்று மதிப்பெண் போட வேண்டும். பள்ளிக்கூடத்து மதிப்பெண் பட்டியலைப் போலவே கட்டம் போட்ட தாள். முயலைத் தேர்ந்தெடுத்ததற்கு அதன் கண் பெரியது, அது சாது, விலை மலிவு என்பவைதான் காரணம். அது மணிக்குச் சில முறைதான் இமைக்கும் என்பதால், விட்ட பொருள் கண்ணிலேயே தங்கிவிடும். முன்னங்காலால் தேய்த்துவிடக் கூடாது என்பதற்காக, கழுத்துக்கு மேல் மட்டும் வெளியே தெரியும் பெட்டிக்குள் சில மணி நேரம் வைத்திருப்போம். முயல் பெரும்பாலும் கத்தாது. பின்னங்காலால் பெட்டியின் அடிப்பலகையைத் தட்டும் ஓசை மட்டும் கேட்கும்.

இப்போது சீயக்காய்க்கு வருகிறேன். இந்தக் கடையின் சீயக்காய்த் தூள் நன்றாக இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடலாம். சித்தேரி மலையிலிருந்து வரும் காயை வெயிலில் மூன்று நாள் காயவைத்து, விதை நீக்கி, பூந்திக்கொட்டை, வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, காய்ந்த எலுமிச்சைத் தோல், செம்பருத்தி இலை ஆகியவற்றோடு சேர்த்து மாவு மில்லில் அரைக்கிறார்கள். மிளகாய் அரைத்த மில்லில் அதை அடுத்து அரைக்கக் கூடாது என்பதற்காக, திங்கட்கிழமை காலையில் மில் திறந்தவுடன் முதல் ஆளாகப் போய் நிற்பதாகக் கடைக்காரம்மா சொன்னார். 200 கிராம் பொட்டலம் 110 ரூபாய். நுரை அளவாக வருகிறது. நல்லெண்ணெய் தேய்த்த தலையிலிருந்து ஒரே தேய்ப்பில் பிசுக்குப் போய்விடுகிறது. முடி வறண்டு நிற்பதில்லை. குறை என்றால், தூளை இன்னும் ஒரு முறை சலித்திருக்கலாம். நார் நாராகச் சில துணுக்குகள் முடியில் சிக்கிக்கொண்டு, குளித்து உலர்ந்த பிறகும் சட்டைக் காலரில் உதிர்கின்றன. பூலாங்கிழங்கு சற்றுத் தூக்கல். பிடிக்காதவர்களுக்கு அந்த வாசனை தலைவலியைக் கொடுக்கலாம்.

சீயக்காய் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குப் பயந்து மாட்டுக் கொட்டகையில் ஒளிந்துகொண்ட பிள்ளைகளில் நானும் ஒருவன். நுரையை உண்டாக்கும் அதே சபோனின்தான் கண்ணையும் எரிக்கிறது. ஆனால் எனக்குக் கண்ணீர் வந்தது, கை இருந்தது, கத்துவதற்கு வாய் இருந்தது, ஒரு செம்பு தண்ணீரை முகத்தில் ஊற்ற அம்மா இருந்தார். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும் அந்த எரிச்சலை, உடனே தேய்க்க முடியாமலும் அதிகம் இமைக்காமலும் மூன்று நாள் வைத்துக்கொண்டிருப்பதுதான் அந்தத் தாளில் நாங்கள் மதிப்பெண் போட்ட விஷயம். இதை அந்தக் கடையில் ஒரு நாள் சொன்னபோது, கடைக்காரம்மா எடைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை.

வேப்பெண்ணெய் சோப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். விலை 75 ரூபாய். மணம் முகத்தைச் சுளிக்க வைக்கும், ஆனால் அரிப்புக்கு இதமாக இருக்கிறது. தண்ணீர் வடியாத சோப்புப் பெட்டியில் வைத்தால் நான்காம் நாள் கூழாகிவிடும். பல்பொடி சாதாரணம்; கிராம்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நன்றாக இருக்கும்.

கடைக்கு வெளியிலிருந்து வாங்கி விற்கும் பொருள்களில்தான் எனக்கு மனக்குறை. கண்ணாடி அலமாரியில் ஒரு முகப்பூச்சு இருந்தது. மூடியில் முயல் சின்னம். 1996-இல் அமெரிக்காவில் விலங்கு நல அமைப்புகள் கூடி உருவாக்கிய ‘தாவும் முயல்’ சின்னத்தைப் பெற வேண்டுமானால், ஒரு நிறுவனம் ஒரு குறிப்பிட்ட தேதியை நிர்ணயித்து, அதற்குப் பிறகு தன் பொருளோ அதில் சேரும் மூலப்பொருளோ எந்தக் கட்டத்திலும் விலங்கில் சோதிக்கப்படவில்லை என்று மூலப்பொருள் கொடுப்பவர்களிடமும் எழுதி வாங்கியிருக்க வேண்டும். இந்த மூடியில் இருந்தது அந்த முயல் இல்லை. உட்கார்ந்திருக்கும் ஒரு முயல். அதை யார் வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாம், இந்தக் கடையின் பலகையிலும் ஒன்று இருக்கிறதே. டப்பாவில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். எடுத்த பையன் மரியாதையாகவே பதில் சொன்னான்: “நாங்க டெஸ்ட் பண்றதில்ல சார். மூலப்பொருள் வெளியிலிருந்து வருது. அவங்க பண்றாங்களா இல்லையான்னு எங்களுக்குத் தெரியாது.” உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொல்லி வைத்துவிட்டேன். ‘நாங்கள் சோதிப்பதில்லை’ என்பதும் ‘சோதிக்கப்படவில்லை’ என்பதும் வெவ்வேறு வாக்கியங்கள், ஆனால் முயல் படத்துக்கு வினைச்சொல் கிடையாது.

இந்தக் கடை விற்பனையோடு ஒரு சிறு இயக்கமும் நடத்துகிறது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் துண்டறிக்கைக் கட்டு ஒன்றும், கையெழுத்து வாங்கும் நோட்டு ஒன்றும் இருக்கின்றன. துண்டறிக்கையின் முதல் வரி, “இந்தியாவில் இன்றும் ஒவ்வொரு ஷாம்பு புட்டிக்குப் பின்னாலும் ஒரு முயல் குருடாகிறது” என்று இருந்தது. நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட தவறான வரி. ஷாம்புவுக்காகவும் சோப்புக்காகவும் விலங்கைச் சோதிப்பது இந்த நாட்டில் 2014 மே மாதம் முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் விதிகளில் 148-சி என்ற விதியைச் சேர்த்தார்கள். வெளிநாட்டில் விலங்கில் சோதித்துவிட்டு இங்கே கொண்டுவந்து விற்பதையும் அதே ஆண்டு நவம்பர் முதல் 135-பி விதி தடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே இந்தியத் தர நிர்ணய அமைவனம் தன் அழகுசாதனத் தரக் குறிப்புகளிலிருந்து விலங்குச் சோதனைகளை எடுத்துவிட முடிவெடுத்திருந்தது. 2020-இல் அழகுசாதனப் பொருள்களுக்கென்று தனி விதிகள் வந்தபோதும் தடை தொடர்ந்தது. நான் வேலையை விட்டு நான்கு ஆண்டுகள் கழித்துச் சட்டம் வந்தது. அந்தச் செய்தியைப் பேருந்தில் நாளிதழில் படித்தது நினைவிருக்கிறது.

அந்தச் சட்டமும் தானாக வந்துவிடவில்லை என்பதை அந்தம்மாவுக்குச் சொன்னேன். நியூயார்க்கில் ஹென்றி ஸ்பைரா என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். அதற்கு முன்பு கப்பலில் வேலை பார்த்தவர். 1980 ஏப்ரலில் நாளிதழில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டு, அழகுக்காக எத்தனை முயல்களைக் குருடாக்குகிறீர்கள் என்று ரெவ்லான் அழகுசாதன நிறுவனத்தைப் பெயர் சொல்லிக் கேட்டார். கடையை மூடு என்று அவர் கேட்கவில்லை. மாற்று முறையைத் தேடப் பணம் ஒதுக்கு என்று கேட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் ரெவ்லான், ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்கு ஏழரை லட்சம் டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் திசுவின் மேல் பொருளைத் தடவிப் பார்க்கும் முறைகள் இன்று உலக அளவில் ஏற்கப்பட்டிருப்பதற்குப் பின்னால் அப்படிப்பட்ட பல பணங்களும் பல ஆண்டுகளும் இருக்கின்றன. மாற்றுகளில் ஒன்று, கசாப்புக் கூடத்திலிருந்து வரும் மாட்டுக் கண்ணின் கருவிழியைப் பிரித்தெடுத்து அதில் சோதிப்பது. உயிருள்ள முயலுக்கு வலியில்லை என்பதால் அது முன்னேற்றம்தான். ஆனாலும் துண்டறிக்கையில் போட்டால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

நான் சொல்லி முடித்ததும் அந்தம்மா கேட்ட கேள்வி இதுதான்: “அப்படின்னா நம்ம போர்டுக்கு இனிமே வேலையே இல்லையாண்ணா?”

இருக்கிறது என்றுதான் சொன்னேன்; ஆனால் வேலை இருக்கும் இடம் வேறு. என் அப்பா பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறவர். அவருடைய மோட்டார் கொட்டகையில் இருக்கும் பூச்சிமருந்து டப்பாக்கள் ஒவ்வொன்றிலும் சாய்சதுரத்துக்குள் ஒரு முக்கோணம் இருக்கும்: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. படிக்கத் தெரியாதவருக்கும் சிவப்பு என்றால் கொடிய நஞ்சு என்று புரியும். அந்த நிறத்தைத் தீர்மானிப்பது, ஒரு கூட்டம் எலிகளில் பாதியைக் கொல்ல எத்தனை மில்லிகிராம் வேண்டும் என்ற கணக்கு. எலியின் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் அது முடிந்துவிட்டால் சிவப்பு. 500 வரை மஞ்சள். 5000 வரை நீலம். அதற்கும் மேல் பச்சை. ‘பாதி சாகும் அளவு’ என்ற இந்தக் கணக்கை 1927-இல் ட்ரெவன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் வகுத்தார். அதன் பழைய வடிவத்தைப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பு (OECD) 2002-இல் தன் சோதனை வழிகாட்டிகளிலிருந்து நீக்கிவிட்டு, குறைந்த எலிகளில் முடியும் முறைகளை வைத்துக்கொண்டது. குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. முயலைப் பற்றிக் கண்ணீர் விடுவது எளிது, எலியைப் பற்றி நோட்டில் கையெழுத்து வாங்குவது கடினம், அதிலும் களத்துமேட்டில் எலி வளை தோண்டுகிற ஊரில். ஆனாலும் அந்த முக்கோணத்தைப் பார்த்துத்தான் என் அப்பா முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மருந்து அடிக்கிறார் என்பதையும் என்னால் மறைக்க முடியாது.

கடையின் தரை துடைக்கும் கரைசலை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, எலுமிச்சையும் கொஞ்சம் கல்லுப்பும் சேர்த்துச் செய்கிறார்கள். லிட்டர் 90 ரூபாய். அழகுசாதனத்துக்கு வந்த தடை தரைக்கும் கழிப்பறைக்கும் ஊற்றும் திரவங்களுக்குப் பொருந்தாது. அவை அழகுசாதனப் பொருள்கள் அல்ல. ஆகவே அந்தப் பலகையில் இருக்கும் வாக்கியம் இந்த ஒரு புட்டிக்குத்தான் மிகவும் தேவையாக இருக்கிறது, இதற்குத்தான் முழுக்கப் பொருந்தவும் செய்கிறது. ஏனென்றால் உள்ளே இருக்கும் மூன்று பொருளும் எங்கிருந்து வந்தன என்று அந்தம்மாவால் சொல்ல முடிகிறது. எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக எடுக்கிறது. பத்து நாளுக்கு மேல் வைத்தால் புளித்து நாறும். கிருமிநாசினி என்று நினைத்து வாங்க வேண்டாம். வீட்டில் நோயாளி இருந்தால் இது போதாது.

இனி நான் அந்தக் கடையில் சண்டை போட்ட ஒரே விஷயம். ஆவாரம்பூத் தூள் வைத்திருந்த தட்டுக்கு மேல், “சர்க்கரையைக் குறைக்கும் என்று ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது” என்று ஓர் அட்டை ஒட்டியிருந்தது. ஆவாரை நம் மாவட்டத்தின் செடி. மானாவாரிக் காட்டின் வரப்பெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடப்பது. பூவைக் காய்ச்சிக் குடிப்பதும் பழைய வழக்கம். ஆனால் ஆவாரம்பூவைப் பற்றி ஆராய்ச்சி என்று காட்டப்படுபவற்றில் பெரும் பகுதி எப்படி நடந்தது என்பதை நான் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற வேதிப்பொருளை எலிக்கு ஊசி வழியே செலுத்தினால், அதன் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்துபோகும். இரண்டு மூன்று நாளில் எலி சர்க்கரை நோயாளி ஆகிவிடும். தண்ணீர்ப் புட்டி மணிக்கு மணி காலியாகும். கூண்டில் போட்ட உமி, காலையில் மாற்றினால் மதியத்துக்குள் மூத்திரத்தில் நனைந்து பிசைந்த மாவைப் போல் ஆகிவிடும். அந்த எலிக்கு மூலிகைச் சாற்றை வாய்வழிக் குழாயில் செலுத்தி, வாலிலிருந்து இரத்தம் எடுத்து, சில வாரங்கள் கழித்துக் கொன்று கணையத்தை வெட்டிப் பார்ப்பார்கள். மூலிகை என்றால் விலங்கு வதைபடவில்லை என்று வாங்குகிறவர் நினைக்கிறார். அப்படியில்லை. நம் ஊர் வரப்புச் செடியின் பெருமையை ஆங்கிலக் கட்டுரையில் ஏற்றுவதற்காக இறந்த எலிகள் ஏராளம்.

“வெளியே எந்த உயிரிலும் சோதிக்கவில்லை என்று பலகை, உள்ளே ஆராய்ச்சியில் நிரூபணம் என்று அட்டை; இரண்டில் ஒன்றைக் கழற்றும்மா” என்றேன். அந்தம்மாவுக்குக் கோபம் வந்தது. “நான் என்ன எலியையா புடிச்சேன்? எவனோ பண்ணதுக்கு நான் என்னண்ணா பண்ணுவேன்?” என்றார். அதுவும் நியாயம்தான். செய்து முடிந்த சோதனையின் அறிவைப் பயன்படுத்துவது குற்றமா என்பது பெரிய மேடைகளிலேயே தீராத வழக்கு. என் அம்மா தினமும் போட்டுக்கொள்ளும் இன்சுலின், 1921-இல் டொரண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் நாய்களை அறுத்துத்தான் கண்டது. அந்த ஊசியை நான்தான் போட்டுவிடுகிறேன். மருந்துக்கு விலங்குச் சோதனையே கூடாது என்று கையெழுத்து நோட்டில் எழுதியிருந்த வாசகத்துக்குக் கீழே நான் கையெழுத்துப் போடாததற்கும் அதுதான் காரணம். மாற்று முறை இருக்கும் இடத்தில் விலங்கைத் தொடக் கூடாது என்று எழுதினால் போடுகிறேன் என்றேன். புதிய மருந்துகளுக்கான நம் நாட்டு விதிகளிலேயே 2023-இல் ஒரு திருத்தம் செய்து, மனிதச் செல்களையும் கணினி மாதிரிகளையும் கொண்டு செய்யும் சோதனைகளையும் ஏற்க வழி செய்திருக்கிறார்கள். கதவு திறந்திருக்கும்போது அதைச் சுட்டிக் கேட்பதுதான் பலிக்கும் என்பது என் எண்ணம். ஸ்பைரா கேட்டதும் அப்படித்தான்.

அடுத்த முறை போனபோது துண்டறிக்கையின் முதல் வரி நீலப் பேனாவால் அடிக்கப்பட்டு, “2014 முதல் தடை இருக்கிறது, வாங்கும்போது மூலப்பொருளையும் கேளுங்கள்” என்று ஒவ்வொரு தாளிலும் கையால் எழுதப்பட்டிருந்தது. ஏறக்குறைய இருநூறு தாள். கல்லூரியில் விலங்கியல் படிக்கும் மகள் உட்கார்ந்து எழுதினாளாம். அந்தப் பெண் இதுவரை ஒரு தவளையைக்கூட அறுத்ததில்லை. விலங்கியல் வகுப்புகளில் அறுத்துப் பார்ப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்தச் சொன்ன பிறகு சேர்ந்தவள். முயல் சின்னம் போட்ட முகப்பூச்சு அலமாரியில் இல்லை. இருந்த நான்கு டப்பாவையும் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். ஆவாரம்பூ அட்டை மட்டும் அங்கேயே இருந்தது, ‘ஆராய்ச்சியில்’ என்ற சொல்லின் மேல் ஒரு விலை ஸ்டிக்கரோடு. இப்போது அதைப் படித்தால், “சர்க்கரையைக் குறைக்கும் என்று 60 ரூபாய் நிரூபிக்கப்பட்டது” என்று வருகிறது. அதைச் சொன்னேன், சிரித்தார்கள், எடுக்கவில்லை.

கடை காலை ஒன்பதரைக்குத் திறக்கிறது, மதியம் இரண்டு முதல் நான்கு வரை அடைப்பு, செவ்வாய்க்கிழமை விடுமுறை. கிருத்திகை அன்று கோயிலுக்கு வரும் கூட்டத்தில் தெருவில் வண்டியை நிறுத்த இடம் கிடைக்காது. சீயக்காய் திங்கட்கிழமை அரைப்பதால் புதன்கிழமைக்குள் போனால் புதிய தூள் கிடைக்கும். சொந்த டப்பா கொண்டுபோனால் ஐந்து ரூபாய் குறைத்துக்கொள்கிறார்கள். சலித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் தருகிறார்கள்.